அடுப்படிக்குள் வந்த செருப்பு

ஆர்டருக்கு கேக் செய்து கொடுக்கலாமென்று, மேலே இரண்டு அடுப்பும் கீழே ஓவனும் சேர்ந்த கரண்ட் அடுப்பு வாங்கினோம். சங்கரன்கோவிலில் எலக்ட்ரீஷியனுக்கா பஞ்சம்? ஆனாலும் என் கணவர் தானே வயர் இழுத்து இணைத்தார்.

கேக் நன்றாக வந்தது. ஆனால் ஓவன் கதவைத் தொட்டால் சுர்ரென்றது. கணவரிடம் சொன்னேன்.

"ரப்பர் செருப்பு போட்டுக்கோ, ஒண்ணும் ஆவாது" என்றார்.

போட்டேன். ஷாக் தெரியவில்லை, ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. கேக் வேகும்வரை குனிந்து குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ராயகிரியிலிருந்து மாமியார் வந்தார். "ஏட்டி, அடுக்களைக்குள்ள செருப்பா? வெளிய கழத்து!"

கணவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், காரணம் சொல்லாமலே கழற்றினேன். ஓவனில் கேக் வெந்துகொண்டிருக்க, துணி எடுக்கக் கொல்லைக்குப் போனேன். வாசம் வந்ததும் அத்தை, அப்போதுதான் துடைத்த ஈரத்தரையில் வெறுங்காலோடு போய் ஓவன் கதவைப் பிடித்துவிட்டார். அலறல் கேட்டு ஓடிவந்து மெயினை அணைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்; டாக்டர் பயமில்லை என்றார்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டார். "எர்த் வயரே குடுக்கலயே அக்கா! இந்த லோடுக்கு இந்த வயரும் தாங்காது."

மெயின் போர்டிலிருந்து தனியாகத் தடித்த வயர், எர்த், கரண்ட் கசிந்தால் தானாக ட்ரிப் ஆகும் ஸ்விட்ச் எல்லாம் போட்டுத் தந்தார்.

இப்போது எது லேசாகச் சுர்ரென்றாலும் மெயினை அணைத்துவிட்டு அந்த எலக்ட்ரீஷியனுக்குத்தான் போன் போடுகிறேன். தெரிந்தவர்கள் அடுப்படியில் செருப்போடு நின்றால் கேட்காமல் இருக்க முடிவதில்லை: "மதினி, கால் வலிக்கா, இல்ல அடுப்பு ஷாக் அடிக்கா?"