லியாவின் மாதிரியும் நாற்பது கடிதங்களும்

டைச்சுங் நகரத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் சர்வர் அறை பதினொரு வருடமாக லியாவ் போஜுங்கின் பொறுப்பில் இருந்தது. ஒரே ஒரு சர்வரைப் பார்த்துப் பார்த்துத் தயாரித்து, அதை மாதிரியாக வைத்திருந்தார். புது சர்வர் வேண்டுமென்றால் அதை நகலெடுப்பார், இரண்டே நிமிடம். மாதிரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் பாதிதான் தெரிந்திருக்கும்.

போன மாதம் வேலைக்கு வந்த தூ யாசினின் வழி வேறு. அவளுடைய சர்வர் வெறுமையாக விழித்து, நெட்வொர்க்கிடம் "நான் யார், என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கும். அவள் எழுதிவைத்த குறிப்புப்படி ஒவ்வொன்றாகப் பெற்று எழும்.

"தினமும் எழுந்து அம்மாகிட்ட தன் பேரையே கேக்குற பிள்ளையா?" என்றார் லியாவ்.

"உங்க பிள்ளை பதினோரு வருஷமா குளிக்கவே இல்லையே அண்ணே!"

மேலாளர் கோ மேடம் முடிவு கட்டினார். "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஆளுக்கு நாப்பது சர்வர். ஜெயிக்கிற முறைதான் இனிமே. தோக்குறவங்க காவ்சியுங் கிளைக்குக் கிளம்புங்க."

அந்த அறையை விட்டால் லியாவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே லியாவின் நாற்பதும் முடிந்தன. யாசின் பன்னிரண்டாவதில் நின்றாள். லியாவ் பால் டீ வாங்கி வந்து அவள் மேசையில் வைத்தார். "குடிம்மா, உனக்கு நேரமாகும்ல."

அந்த ஊர் சர்வர்களின் தலையில் பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்று இருந்தாக வேண்டும். இருந்தால்தான் இயந்திரம் சமர்த்தாக இருக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. பொட்டலத்தின் தேதி கடந்துவிட்டால் ஆபத்து. அதனால் லியாவ் மாதிரியைத் தயாரித்த அன்றைக்கே அதற்குள் ஒரு நினைவூட்டல் வைத்திருந்தார்: அன்றைய பொட்டலத்தின் தேதி கடந்தால் மேலாளருக்குக் கடிதம். ஒன்றிரண்டாக நகலெடுத்த காலத்தில், ஒவ்வொன்றிலும் அதைக் கையால் அழிப்பது அவர் வழக்கம். இன்று நாற்பதும் தானாகவே எழுந்ததில் கைக்கு வேலையில்லை.

பத்து மணிக்குக் கோ மேடத்துக்கு நாற்பது கடிதங்கள் வந்தன. 'பொட்டலம் காலாவதியாகிவிட்டது. உடனே மாற்றவும்.'

கணினியில் முனைவர் பட்டம் வாங்கிய கோ மேடம் முகம் வெளுத்து ஓடிவந்தார். "எல்லாத்தையும் அணைங்க!"

"மேடம், பொட்டலம் புதுசு. நேத்துதான் வச்சேன். மாதிரியில இருக்கிறது பழைய தேதி."

"புதுசுன்னு உங்களுக்குத் தெரியுது. சர்வருக்குத் தெரியலையே!"

நாற்பதும் அணைந்தன. யாசின் பதினொன்றே முக்காலுக்கு ஜெயித்தாள். லியாவின் மாதிரியில் உள்ளதையெல்லாம் தன் குறிப்பில் ஏற்றச் சொல்லி அவளுக்கு உத்தரவு வந்தது. திறந்து பார்த்தாள். தொள்ளாயிரம் வரி.

"அண்ணே, இது எதுக்கு?"

"தெரியாது. எடுத்தா பிரீமியம் பக்கம் திறக்காது."

"இது?"

"அதை ஒருதரம் எடுத்துப் பாத்தேன். மூணு நாள் வீட்டுக்கே போகல."

சாயங்காலத்துக்குள் ஆறு வரி முடிந்தது. யாசின் நேரே கோ மேடத்திடம் போனாள். "இவரைக் காவ்சியுங் அனுப்பிட்டா நான் யாரைக் கேக்குறது?"

மாற்றல் உத்தரவு ஒரு வருடம் தள்ளிப்போனது. திங்கட்கிழமை லியாவ் நாற்காலியை யாசினின் பக்கத்தில் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் ஏழாவது வரியில் விரல் வைத்தாள்.

"அது பெரிய கதைம்மா," என்றார் அவர், அவசரமே இல்லாமல்.