ரபீக்கா ராத்தாவின் இரண்டு போத்தல் சேறு

ஆய்வுகூடம் சேற்றில் நஞ்சில்லை என்று சொல்லிவிட்டதாகக் கிண்ணியாவில் கதைக்கிறார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பின்வீட்டு ரபீக்கா ராத்தா கரைச்சேற்றில் மட்டிச் சிப்பி எடுத்தே மூன்று பிள்ளைகளையும் வளர்த்தவர். கணவர் தொண்ணூறில் காணாமல் போனார். தொண்ணூற்றேழில் மட்டிகள் வாய் பிளந்து சாகத் தொடங்கின. பக்கத்து எண்ணெய்க் கிடங்கின் கழிவு வாய்க்காலே காரணமென்று எல்லோரும் நினைத்தோம். ஆய்வுகூடம் நஞ்சென்று சொன்னால்தான் அதை மூடச் சொல்லலாம் என்றார்கள் அதிகாரிகள்.

ராத்தாவின் தம்பி கலீலுர் றஹ்மான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். வாய்க்கால் வாயில் ஒரு போத்தல், தூரத்து நல்ல சேற்றில் ஒரு போத்தல் கொண்டுவரச் சொன்னார். இரண்டிலும் சின்னக் கடற்பூச்சிகளை விடுவார்களாம். நல்ல சேற்றில் அவை உயிரோடிருந்தால்தான் மற்றதில் செத்தது கணக்கு. காற்றுப் புகாமல் முட்ட நிரப்பி, ஐஸில் வைக்க வேண்டும்.

"என்ர கையில தரும்வரைக்கும் திறக்காதீங்க ராத்தா. மீன் மாதிரித்தான், சேறும் பழுதாகும்."

ராத்தா மூடிகளை ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டார். ஆனால் யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் இந்தப் பாதையில் போகிறவர்கள் சோதனைச் சாவடிக்கு முன்பே தங்கள் சாமான்களைத் தாங்களே அவிழ்த்து வைப்பார்கள். மூடியிருந்தால் சந்தேகம், பிறகு வெயிலில் இருக்க வேண்டியதுதான். கப்பல்துறைச் சாவடி வந்ததும் கை பழக்கத்தில் ஐஸ் பெட்டியைத் திறந்தது, இரண்டு மூடிகளையும் கழற்றியது. வரிசையில் யாரோ, "ரபீக்கா கொழும்பில சேத்தால வீடு கட்டப் போறா" என்று சிரித்தார்கள். அரிசி மூட்டை குத்தும் கம்பியால் சிப்பாய் வாய்க்கால் சேற்றைக் கிண்டினான். துடைக்காமல் அதே கம்பியை நல்ல சேற்றிலும் விட்டான்.

மூடியைத் திரும்பக் கட்டும்போதுதான் தம்பி சொன்னது ராத்தாவுக்கு ஞாபகம் வந்தது. இராணுவம் தந்த பயணப் பாஸ் அந்த ஒரு பயணத்துக்குத்தான்; திரும்பிப் போக முடியாது. கொழும்பு போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் ஐஸ் உருகி வெறும் வெதுவெதுப்பான தண்ணீர்.

பூச்சிகள் இரண்டு போத்தலிலும் செத்தன.

"அப்ப நல்ல சேறும் நஞ்சா, தம்பி?"

"கம்பியில நஞ்சு போயிருக்கும், இல்லாட்டி சூட்டில பழுதாகியிருக்கும். எதுவெண்டு இனிச் சொல்ல ஏலாது, ராத்தா."

நஞ்சென்று ஆய்வுகூடம் சொல்லவில்லை; அதிகாரிகளுக்கு அது போதுமாயிருந்தது. வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. ராத்தா அதே சேற்றில் இறங்கி, பிளக்காத மட்டிகளைத் தேடி எடுக்கிறார். இன்னொரு முறை அனுப்பிப் பார்க்கலாமே என்று அந்த வருடமே கேட்டேன்.

"அந்த செக்பொயின்ற் அங்கதானே இருக்கு, பிள்ள" என்றார்.