பன்னிரண்டாம் கோடு

என் காது போய்விட்டது என்று நான் முடிவு கட்டியது ஒரு கல்யாண வரவேற்பில். மேடையில் நாங்கள் ஆறு பேர். மடியில் ஸ்டீல் கிடாரைக் கிடத்திக்கொண்டு ஒரு பழைய மெலடியின் மேல் ஸ்தாயிப் பகுதிக்குப் போனேன். கீபோர்டு வாசிப்பவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வருடக்கணக்காக ஒன்றாக வாசிக்கிறோம். என் பக்கம் அவர் தலை அப்படித் திரும்பியதே கிடையாது.

ஸ்டீல் கிடாரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இதைத் தோளில் மாட்டி வாசிப்பதில்லை. மடியில் படுக்கவைத்து, வலது கையால் தந்தியை மீட்டி, இடது கையில் ஒரு எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கவிட வேண்டும். சாதாரண கிடாரில் பலகைக்குக் குறுக்கே மேடான கம்பிகள் இருக்கும். விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும் அவை சுருதியைக் காப்பாற்றிவிடும். இதில் மேடு கிடையாது. கண்ணுக்கு அடையாளமாக வெறும் கோடுகள்தான். எஃகுத் துண்டு ஒரு நெல்லின் அகலத்துக்கு விலகினால் போதும், கேட்பவர் முகம் சுளிப்பார். கண் கோட்டைப் பார்க்கும், காது திருத்தும்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இதெல்லாம். மற்ற நாட்களில் நான் சர்வேயர். காரைக்காலில் ஆபீஸ், சுற்றுப்பட்ட ஊர்களில் வயல். பிரெஞ்சுக்காரர் காலத்து எண் ஒன்று, பிறகு வந்த எண் ஒன்று என்று ஒரே நிலத்துக்கு இரண்டு எண் இருக்கும் ஊரில் வரப்புத் தகராறுக்குக் குறைவே இல்லை. விழிதியூரில் அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு வரைபடத்தை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். நான் இரண்டையும் வாங்கமாட்டேன். "படத்த அப்புறம் பாக்கலாங்க. மொதல்ல எல்லக் கல்லு எங்க கெடக்குன்னு காட்டுங்க" என்பேன். முப்பது வருடமாக என் வாயில் தேய்ந்துபோன வசனம் இது. பெருமைக்காகச் சொல்லவில்லை. என் மடியில் கிடந்ததற்கு இந்த வசனம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்றே, அதற்காகச் சொல்கிறேன்.

என் பழைய கிடார் காரைக்காலிலேயே பிறந்தது. கதவு, ஜன்னல் செய்யும் தச்சர் ஒருவர் பலாப் பலகையில் இழைத்துக் கொடுத்தார். உடைந்த வேறொரு கிடாரிலிருந்து, தந்தியின் ஓசையை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தக் கட்டையைக் கழற்றி அதில் பொருத்தினோம். கோடு போடுவதற்கான சூத்திரம் எங்கள் இருவருக்கும் தெரியாது. கீபோர்டுக்காரர் ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார். நான் எஃகுத் துண்டை நகர்த்திக்கொண்டே போய், இரண்டு ஓசையும் ஒன்றாகக் கலக்கும் இடத்தில் "இங்க!" என்று கத்துவேன். தச்சர் ஊசியால் கீறுவார். அப்படி ஒவ்வொரு கோடாகப் போட்டு வெள்ளை பெயின்ட் பூசினோம். பார்க்க அரிவாள்மணைப் பலகை போலத்தான் இருந்தது. டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் குளவி மாதிரி ரீங்காரம் போடும். அதோடு எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன்.

போன விடுமுறைக்கு என் மனைவியின் அண்ணன் பிரான்சிலிருந்து வந்தபோது ஒரு நீளப் பெட்டியை இறக்கினார். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் ஒரு புது ஸ்டீல் கிடார்.

"அந்தக் காலத்து மாடல அச்சு அசலா மறுபடியும் போடுறாங்க மாப்ள. திருகாணிகூட அதே மாதிரிதான். இனிமே அந்தப் பலாக்கட்டைய அடுப்புல வைங்க" என்றார்.

அடுப்பில் வைக்கவில்லை. ஆனால் தந்திகளைக் கழற்றிவிட்டு அலமாரி மேல் தூக்கிப் போட்டேன். நான் செய்தது அதுதான், மறைப்பானேன். புதியதன் பாலிஷில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. ரீங்காரம் இல்லை. ஒரு தந்தியை மீட்டிவிட்டு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் ஓசை நிற்கும் என்று மிகைப்படுத்தி எல்லாரிடமும் சொன்னேன். கோடுகள் முத்துச்சிப்பி நிறத்தில், இடையிடையே புள்ளி வைத்து, அவ்வளவு திருத்தம். மேடையில் என்னைப் பார்க்காதவர்கள்கூட அதைப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் அந்த வரவேற்பு. அடுத்த ஒத்திகையில் கீபோர்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், என்னைவிட இளையவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கீழ எல்லாம் சரியா இருக்கு. மேல போகப் போக சுருதி கொஞ்சம் கூடுதுங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஒங்க கீபோர்ட மொதல்ல பாருங்க" என்று கத்தினேன். வீட்டுக்கு வரும் வழியில் கோபம் வடிந்து பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் என் அப்பா. அவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் காது போக ஆரம்பித்தது. முதலில் போனது மேல் ஓசைகள்தான்: குக்கர் விசில், சைக்கிள் மணி. பிறகு அம்மாவின் குரல். கடைசி வருடங்களில் யார் எதைச் சொன்னாலும் சிரித்துவைப்பார். சாவுச் செய்தி சொல்ல வந்தவரிடமும் ஒரு தடவை சிரித்துவிட்டார். எனக்கு இப்போது ஐம்பத்தேழு. மேலே போகப் போகப் பிசகுகிறது என்றால் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

அன்றிலிருந்து என்னை நானே சோதிக்க ஆரம்பித்தேன். காதருகே கொசு வந்தால் அடிக்காமல் அது பாடுவதைக் கேட்டேன். பாட்டு நின்றால் கொசு போய்விட்டதா, காது போய்விட்டதா என்று குழம்பினேன். மண்டபத்தூரில் அளக்கப் போன இடத்தில் ஏதோ ஒரு பறவை கீச்சிட்டது. கூட வந்த ஊழியரிடம், "ஒங்களுக்குக் கேக்குதா?" என்றேன். "எதுங்க சார்?" என்றார். அவருக்குக் கேட்காதது எனக்குக் கேட்டதே என்று சந்தோஷப்பட வேண்டியவன், இல்லாத பறவை கேட்கிறதோ என்று பயந்தேன். பலாப் பலகையை இறக்கித் தந்தி பூட்டிப் பார்த்திருக்கலாம். துணியவில்லை. அதிலும் பிசகினால்? டாக்டரிடமும் அதனால்தான் போகவில்லை.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவளோ அந்த இரண்டு மாதமும் எதற்கெடுத்தாலும் உரக்கப் பேசினாள். சாப்பிடக் கூப்பிடுவதற்கு எதிரே வந்து நின்று கூப்பிட்டாள். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் வம்பு என்று கேட்கவும் இல்லை. குழுவிலிருந்து விலகுவது என்று மனதுக்குள் முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில் கணக்கு வாத்தியார் போன் செய்தார். அவருடைய பக்கத்து வீட்டில் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவரின் குடும்பம். பரணைச் சுத்தம் செய்தபோது அவர் காலத்து ஸ்டீல் கிடார் ஒன்று கிடைத்திருக்கிறது. வாசிக்கிற நிலையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒங்க புதுசுக்கு இதுதான் மூலம் போலருக்குண்ணே. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம், கொண்டாங்க. தந்தி மாத்தி வச்சிட்டேன்."

சொல்லிவிட்டு விலகிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் போனேன். சாயங்காலம் நாலு மணி. வாத்தியார் வீட்டுக் கூடத்து மேசையில் அந்தப் பழைய கிடார் இருந்தது. வெள்ளி நிறம் மங்கி, திருகாணிகளில் துரு ஏறி, ஒரு ஓரத்தில் யாரோ சிகரெட் வைத்த தீக்காயம். மடியில் வைத்தேன். அவர் கீபோர்டில் ஸ்வரத்தைப் பிடித்தார். பயந்துகொண்டே மேலே ஏறினேன்.

ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. பன்னிரண்டாம் கோட்டில் எஃகுத் துண்டை நிறுத்தியபோது இரண்டு ஓசையும் கலந்து ஒன்றாகிவிட்டது. குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் என்று மறுபடி ஏறினேன். மறுபடியும் அதே. வாத்தியார் புதியதை எடுத்து என் மடியில் மாற்றினார். கீழே சரி. மேலே போகப் போக, அந்தப் பாழாய்ப்போன பிசகு. எனக்கே தெளிவாகக் கேட்டது. அவ்வளவு நாளும் கேட்டுத்தான் இருந்தது. கண் கோட்டைக் காட்டி, "சரியாத்தானே இருக்கு" என்று சாதித்ததும் காது வாயை மூடிக்கொண்டது.

"இன்ச் டேப் இருக்கா?" என்றேன்.

"எதுக்குண்ணே?"

எழுந்துபோய் என் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து எடுத்து வந்தேன். பன்னிரண்டாம் கோடு தந்தியின் சரிபாதியில் இருக்க வேண்டும். வாத்தியம் எதுவானாலும் அதில் மாற்றம் இல்லை. பழையதில் தந்தி தொடங்கும் இடத்திலிருந்து கோடு வரைக்கும் அளந்தேன். கோட்டிலிருந்து தந்தி முடியும் இடம் வரைக்கும் அளந்தேன். இரண்டும் ஒன்று. புதியதில் இரண்டு பாதிக்கும் கால் அங்குலம் வித்தியாசம். மூன்று தடவை அளந்தோம். பிறகு இரண்டு கிடாரையும் ஒட்டிவைத்துப் பார்த்தோம். கோடு போட்ட தகடு இரண்டிலும் மயிரிழை பிசகாமல் ஒன்றுதான். புதியதைச் செய்தவர்கள் தகட்டை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். ஆனால் தந்தி முடியும் கட்டையை வேறு ஏதோ வசதிக்காகக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பூட்டிவிட்டார்கள். ஒரு நிலத்தின் வரைபடத்தை வேறொரு நிலத்துக்கு வைத்து அளந்த கதை. கோட்டை நம்பியவன் சுருதி கூடத்தான் வாசிப்பான்.

நான் நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன். சிரிப்பு எங்கே நின்று அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. வாத்தியார் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். "என் காது நல்லா இருக்குங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. அவரிடம் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். சர்வேயராகிய நான் அளக்காமல் விட்டேனே என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இரண்டில் எது உசத்தி என்று அவர் கேட்டதற்கும் பதில் சொன்னேன். ஓசையில் பழையதற்கு ஒரு பிடி கனம் கூடுதல். ஆனால் புதியதும் மட்டமில்லை. கோடுகளை மூடி வேறு போட்டால் ஆயுசுக்கும் வாசிக்கலாம். இப்போது அதில்தான் வாசிக்கிறேன். முத்துச்சிப்பிக் கோடுகளின் மேல் காகிதம் ஒட்டி, காதால் கேட்டு நானே பேனாவால் கோடு கிழித்திருக்கிறேன். மேடையில் இப்போது அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலமாரி மேலிருந்து பலாப் பலகையை இறக்கி டேப்பை வைத்தேன். வெள்ளைக் கோடுகள் கோணல்மாணலாக ஓடின. ஆனால் பன்னிரண்டாம் கோடு சரிபாதி. காதை வைத்து நான் போட்ட கோடு. அதையா அடுப்பில் வைக்கச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டே பலகையின் தூசியைத் துடைத்தேன்.

மனைவி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கதையிலிருந்து கால் அங்குலம் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு மாசமா நானும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத்தாங்க இருந்தேன்" என்றாள்.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"கூப்புட்டா திரும்புறதில்ல. மோட்டார நிறுத்துங்கன்னா அசையாம ஒக்காந்திருக்கீங்க. மாமாவுக்கும் இப்புடித்தான ஆரம்பிச்சிச்சு? அதான் கிட்ட வந்து சத்தமாச் சொன்னேன். அண்ணன்கிட்டகூட அங்க காது மிஷின் நல்லதாக் கெடைக்குமான்னு விசாரிக்கச் சொல்லியிருக்கேன்."

அந்த உரத்த குரல் கோபமில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"இருங்க. காது நல்லாருக்குன்னா, நான் கூப்புட்டதெல்லாம் கேட்டுச்சா?"

டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமானேன். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து, பழைய குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல மெதுவாக, "என்னங்க" என்றாள்.

முதல் தடவை கூப்பிட்டபோதே எழுந்து போனேன்.