விலை சொன்ன பிறகு

மெத்தை சாருக்கு உட்காரத் தெரியாது என்று கடையில் ஒரு பேச்சு உண்டு. கட்டில், சோபா, மேஜை, நாற்காலி எல்லாம் விற்கும் பெரிய கடை அது. இரண்டாம் மாடி முழுக்க மெத்தைதான். சுற்றிலும் விதவிதமான மெத்தைகள் விரிந்து கிடக்க, நடுவே அவர் மட்டும் கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை நின்றுகொண்டே இருப்பார். விற்பனைக்கு வைத்த மெத்தையில் ஊழியர்கள் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம். மேனேஜர் தலை மறைந்ததும் மற்றவர்கள் ஓரமாக ஒரு நிமிடம் சாய்ந்து எழுவார்கள். மெத்தை சார் அதையும் செய்ததில்லை. மதியச் சாப்பாட்டைக்கூடக் கிடங்கில் நின்றபடியே முடிக்கிற ஆள் அவர்.

வியாபாரத்தில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. மாடியேறி வருகிறவரிடம் மற்றவர்கள் எடுத்த எடுப்பில் பட்ஜெட் என்ன என்று கேட்பார்கள். அவர் கேட்பது வேறு.

"தூங்கி எழுந்தா எங்க வலிக்குது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்பார் வந்தவர். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மெத்தை சார் மறுத்துப் பேச மாட்டார், அவசரப்படவும் மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் வந்தவரின் கை தானாக இடுப்புக்கோ கழுத்துக்கோ போகும். அப்புறம் வலி, தூக்கம், மருமகள், அலுவலகம் என்று எல்லாக் கதையும் வெளியே வரும். கடைசியில் ஒரு மெத்தையைக் காட்டி, விலையை ஒரே ஒரு தடவை சொல்லுவார். சொன்னதும் வாயை இறுக மூடிக்கொள்வார். அங்கேதான் அவருடைய மொத்த வித்தையும் இருந்தது. விலை சொன்ன பிறகு முதலில் யார் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள்தான் இறங்கி வர வேண்டும். விற்கிறவன் திறந்தால் தள்ளுபடி, வாங்குகிறவர் திறந்தால் வியாபாரம். இத்தனை வருஷத்தில் மெத்தை சார் முதலில் வாய் திறந்ததாக யாரும் சொன்னதில்லை.

அந்த ஆண்டு வியாபாரம் படுத்துவிட்டது. மெத்தைக் கடையில் வியாபாரம் படுப்பதில் என்ன ஆச்சரியம் என்று பில்லக்கா சொல்லிச் சிரித்தாள். கீழே பில் போடுகிற அவளை எல்லோரும் பில்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட வயதில் மூத்த மெத்தை சார் உட்பட. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, எல்லோரையும் நிற்க வைத்து ஓர் உத்தரவு போட்டார்.

"இனிமே ஆளுக்கு, போன்ல வீடியோ போடற ஒரு சேல்ஸ் எக்ஸ்பர்ட்டைப் பிடிச்சு ஃபாலோ பண்ணணும். திங்கக்கிழமை மீட்டிங்ல வந்து என்ன கத்துக்கிட்டீங்கன்னு சொல்லணும். மெத்தை சார், உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."

அவரே எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தார். மெத்தை சாருக்கு 'மெத்தைப் பிரிவு' என்று பெயர் போட்டு, முகத்துக்குப் பதில் ஒரு மெத்தையின் படத்தை வைத்தார்.

மெத்தை சார் தேடத் தொடங்கினார். முதலில் அகப்பட்டவர் கத்துகிறவர். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, நின்றிருக்கும் காரில் சாய்ந்தபடி, 'உன்னால் முடியும்' என்று தொண்டை கிழியச் சொன்னார். என்ன முடியும் என்று கடைசிவரை சொல்லவில்லை. அடுத்தவர் விடிவதற்கு முன்னால் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தால் விற்பனை பிய்த்துக்கொண்டு போகும் என்றார். வேறொருவர் பலகையில் வட்டமும் அம்பும் வரைந்து, வாடிக்கையாளரின் மூளைக்குள் இருக்கும் பொத்தானைக் காட்டினார். அந்தப் பொத்தான் எங்கே என்று தெரிய வேண்டுமானால் அவருடைய வகுப்பில் சேர வேண்டுமாம். இன்னொரு அம்மாள் நன்றாகத்தான் பேசினாள். ஆனால் அவள் சொன்ன கதைகளில் வந்த வாடிக்கையாளர் எல்லோரும் கேட்ட உடனே வாங்கிவிட்டார்கள். இதுவரை எதையாவது யாருக்காவது விற்றிருக்கிறாளா என்று மெத்தை சாருக்குச் சந்தேகம் வந்தது.

"ஒருத்தர்கூட வேலைக்கு ஆக மாட்டேங்கிறாங்க" என்று பில்லக்காவிடம் புலம்பினார்.

"எப்படிப்பட்ட ஆளு வேணும் உங்களுக்கு? பொண்ணு பாக்கப் போன மாதிரி ஒவ்வொருத்தரையும் தட்டிக் கழிக்கிறீங்களே."

"விக்க முடியாமப் போன கதையைச் சொல்ற ஆளு வேணும். வித்த கதையை எவன் வேணா சொல்லலாம், யாரு போய்ப் பாக்கப் போறாங்க? கைக்கு வந்த வியாபாரம் ஏன் போச்சுன்னு சொல்றவங்கதான் நிஜமா கடையில நின்னவங்க."

பில்லக்கா யோசித்தாள். பிறகு தன் போனை எடுத்து நீட்டினாள்.

"அப்படின்னா இந்தப் பொண்ணைக் கேளுங்க. அலட்டல் கிடையாது. போன வாரம் ஒரு பெரிய ஆர்டரைக் கோட்டை விட்ட கதையைச் சொல்லுச்சு. எனக்கே பாவமா இருந்தது."

வெறும் வெள்ளைச் சுவர். அதற்கு முன்னால் ஒரு பெண். தலைமுடியை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தாள். பேசுவதற்கு முன்னால் கீழ் உதட்டை லேசாக மடித்துக்கொண்டாள். அவள் என்ன சொன்னாள் என்று மெத்தை சாரின் காதில் ஏறவே இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிடங்கில் ஏதோ எடுக்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார்.

அவள் அவருடைய மகள். ஒரே மகள்.

பள்ளி விட்டதும் அவள் நேராகக் கடைக்குத்தான் வருவாள். அவள் அம்மாவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. விற்காமல் கிடந்த ஒரு பழைய மெத்தையை மாடியின் மூலையில் அவளுக்கென்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதுகிற மாதிரி கிடந்தாலும் காது முழுக்க அப்பாவின் வியாபாரத்தில்தான் இருக்கும். வந்தவர் போனதும் தலையைத் தூக்கி, "அப்பா, அந்த மாமா வாங்க மாட்டாரு. கடைசிவரைக்கும் அவரு செருப்பைக் கழட்டவே இல்ல" என்பாள். முக்கால்வாசி அவள் சொன்னதுதான் நடக்கும். அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

படித்து முடித்தாள். யார் யாரையோ பார்த்து, கெஞ்சி, ஓர் அலுவலகத்தில் அவளுக்கு நாற்காலி வேலை வாங்கி வைத்தார். அவளோ விற்பனைக்குத்தான் போவேன் என்று நின்றாள். அன்றைக்கு வீட்டுக் கூடத்தில் அவர் சொன்னது அவருக்கு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது.

"என் கால் வலி என்னோட போகட்டும். அந்த ஆபீஸ்ல போய் உக்காரு. உக்காந்துட்டு அப்புறம் என்கூடப் பேசு."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். பழக்கம்தான். விலையைச் சொல்லியாகிவிட்டது, இனி எதிரில் இருப்பவர்தான் பேச வேண்டும். மகள் அவரைப் பார்த்தாள். அவளும் அந்த மூலை மெத்தையில் படுத்து அதே வித்தையைக் கற்றவள்தானே. கீழ் உதட்டை மடித்துக்கொண்டு அவளும் பேசாமல் நின்றாள். அவ்வளவுதான். அவள் வேறு ஊருக்குப் போய், அலைந்து விற்கிற ஒரு வேலையில் சேர்ந்தாள். வருஷங்கள் போயின. இரண்டு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அம்மாவோடு மட்டும் தினமும் பேசுவாள். மெத்தை சாரின் மனைவி சமையலறை ஜன்னலோரம் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஓ, சளி பிடிச்சிருக்கா? மாத்திரை போட்டியா?" என்று பேசுவாள். யாருக்காக அந்தச் சத்தம் என்று வீட்டில் இருந்த இன்னொருவருக்குத் தெரியும். அவர் கூடத்தில் சும்மா இருக்கும் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார்.

"அவ போன்ல பாடம் எடுக்கறாளாமே. உனக்குத் தெரியுமா?"

"ரொம்ப நாளாத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? அவளும் உங்களைப் பத்திக் கேக்க மாட்டா, நீங்களும் அவளைப் பத்திக் கேக்க மாட்டீங்க. எனக்கு என்ன, நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் பில் போடற வேலையா?"

அன்றிலிருந்து மெத்தைப் பிரிவு அந்தப் பெண்ணைப் பின்தொடர ஆரம்பித்தது. அவள் போட்டிருந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். வாடிக்கையாளர் இல்லாத மதிய வேளையில், தலையணை அலமாரிக்குப் பின்னால் நின்று, காதோடு போனை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டார். நன்றாகத்தான் பேசினாள். வாங்க வந்தவர் பையை எங்கே வைக்கிறார் என்று பார்க்கச் சொன்னாள். கூட வந்தவரிடம் ஒரு வார்த்தையாவது பேசச் சொன்னாள். எதைச் சொன்னாலும் தான் சறுக்கிய கதை ஒன்றை அதோடு சேர்த்துச் சொன்னாள். நடு நடுவே, 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மெத்தை விப்பாரு' என்று ஆரம்பிப்பாள். அப்போதெல்லாம் போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொள்வார். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். மெத்தை விக்கிற ஒருத்தர். ஒரு பெரியவர். அவர் காத்திருந்தது ஒரே ஒரு சொல்லுக்காக. 'எங்க அப்பா' என்று ஒரு தடவை, வாய் தவறியாவது சொல்லிவிட மாட்டாளா? எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். எதிலும் அந்தச் சொல் இல்லை.

ஆசை பொல்லாதது. அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும் என்ற தவிப்பு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. எண் கையிலேயே இருந்தது, கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க முதலில் வாய் திறக்காத மனிதருக்குக் கை அந்தப் பக்கம் போகவில்லை. அதற்குப் பதில் வேறொன்று செய்தார். அவளுடைய பதிவு ஒன்றின் கீழே, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக ஒரு கேள்வியைத் தட்டினார். தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று மரியாதையாகவே தொடங்கினார்.

'வணக்கம் மேடம். விலை சொல்லிவிட்டேன். எதிரில் இருப்பவர் பேசவில்லை. ரொம்ப நாள் ஆகிவிட்டது. இப்போது யார் முதலில் பேச வேண்டும்?'

பெற்ற மகளை மேடம் என்று எழுதியது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அழிக்கத் தெரியவில்லை. பில்லக்காவிடம் கேட்கலாம் என்று பாதிப் படி இறங்கி, கூச்சப்பட்டுத் திரும்பி ஏறிவிட்டார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் கேட்டபோது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தார். பில்லக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இரண்டொரு நாளில் பதில் வந்தது. மதியம். மாடியில் ஆள் இல்லை. தலையணைகளுக்குப் பின்னால் நின்று போனைத் திறந்தார். அதே வெள்ளைச் சுவர். மகள் அந்தக் கேள்வியை அப்படியே வாசித்தாள், மேடம் உட்பட. பிறகு பேசினாள்.

"விலை சொன்னதும் பேசாம இருக்கணும். இது எனக்குச் சின்ன வயசுலயே தெரியும். கஸ்டமர் முன்னாடி இது சரியா வேலை செய்யும், நானே பாத்திருக்கேன். ஆனா இவர் ரொம்ப நாள் ஆச்சுன்னு எழுதியிருக்காரு. எந்தக் கஸ்டமரும் ரொம்ப நாள் நம்ம எதிர்ல நிக்க மாட்டாங்க. கிளம்பிப் போயிடுவாங்க. அதனால இது கடை விஷயம் இல்லன்னு நினைக்கறேன். கடைக்கு வெளியில இந்த வித்தையை எடுத்துட்டுப் போகாதீங்க. நான் எடுத்துட்டுப் போனேன். ஒரு இடத்துல நானும் பதிலுக்குப் பேசாம நின்னேன். எனக்கு வந்த நஷ்டத்துலயே அதுதான் பெருசு. யார் முதல்ல பேசணும்னு கேட்டிருக்கீங்க. விலை சொன்னவங்கதான் பேசணும். கொஞ்சம் கூடச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை போதும்."

இதோடு முடித்திருக்க வேண்டும். அவள் முடிக்கவில்லை. கீழ் உதட்டை மடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி பேசாமல் இருந்தாள். பார்த்த மற்றவர்கள் போன் நின்றுவிட்டது என்று நினைத்துத் தட்டியிருப்பார்கள். மெத்தை சாருக்கு அது என்ன மௌனம் என்று தெரியும். மகள் விலை சொல்லிவிட்டாள். இப்போது அவருடைய முறை.

 பக்கத்தில் விற்பனைக்கு விரித்திருந்த மெத்தையின் ஓரத்தில், அந்தக் கடையில் முதல் தடவையாக, உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சலசலத்தது. மேனேஜர் வந்தால் வரட்டும் என்று இருந்தது. எண்ணை எடுத்து அழுத்தினார்.

மணி அடித்தது. எடுத்தாள். எடுத்தவள் ஒன்றும் பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கும் பழைய பழக்கம் தலைதூக்கியது. காத்திரு, அவளே பேசுவாள் என்றது அது. அதைத் தள்ளிவிட்டுப் பேசினார்.

"அப்பா பேசறேம்மா."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அன்னைக்கு நான் கொஞ்சம் கூடச் சொல்லிட்டேன்."

அதன் பிறகுதான் அவள் குரல் வந்தது. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அப்பா. தூங்கி எழுந்தா எங்க வலிக்குது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார் மெத்தை சார்.

மகள் மறுத்துப் பேசவில்லை, அவசரப்படவும் இல்லை. காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் சொல்ல ஆரம்பித்தார்.