பெண் என்றுதான் தஹானி சொன்னாள்

வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர வேறு எதுவும் வராத பெண் எங்கள் ஊரில் ஒருத்திதான் உண்டு. அவள் தஹானி. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. பக்கத்து டவுன் கிர்காவில் திங்கள்கிழமை கூடுகிற சந்தையில் முட்டை விற்க உட்கார்ந்தால், வாங்க வந்தவர்களிடம் இது நேற்று இட்டது, இது போன வாரத்தது, இதை வாங்காதீர்கள் என்று பிரித்துக் காட்டுவாள். அவளுடைய தகப்பனார் தலையில் அடித்துக்கொள்வார். பெண் பார்க்க வந்தவர்கள் ரொட்டி நன்றாகச் சுடுவாயா என்று கேட்டபோது, மாவு வெயிலில் நன்றாகப் பொங்கும், அடுப்பில் வைத்தால்தான் அடிக்கடி கருகிப்போகும் என்றாள். வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஸாபிர் மட்டும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் முடிவானது.

ஸாபிர் வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. ரியாத்தில் சுவர்ப் பூச்சு வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து, மனைவியோடு இருந்துவிட்டு, கண் கலங்கத் திரும்பிப் போகிறவன். மற்ற நாட்களில் அவன் கேசட்டாகத்தான் வீட்டில் இருந்தான். ஊருக்கு வருகிற யாரிடமாவது குரலைப் பதிந்து அனுப்புவான். கூடத்தில் டேப்ரிக்கார்டரைச் சுற்றிக் குடும்பம் முழுக்க உட்கார்ந்து கேட்கும். பதிலும் அப்படியே எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் போகும். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ள அதில் வழியில்லை.

முதல் குழந்தை ஹனா, பெண். இரண்டாவது முறை கிர்காவில் டாக்டரிடம் போய் சோனார் என்கிற ஸ்கேனில் பார்த்தபோது பையன் என்றார். அந்த நாளில் சோனார் ஊருக்குப் புதுசு. வயிற்றுக்குள் இருப்பதைத் திரையில் பார்த்துவிட்ட மகிழ்ச்சியில் தஹானிக்குத் தலைகால் புரியவில்லை. பிக்அப் வண்டியில் இருந்து இறங்கும்போதே சொல்ல ஆரம்பித்தவள் வீடு போய்ச் சேர்வதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். செம்பருத்திச் சர்பத் கரைத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். பெண்கள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் போனார்கள். ஏழாம் மாதம் குழந்தை அசையாமல் போனது.

அதை ஸாபிரின் சித்தப்பாதான் புதைத்தார். செய்தி ஸாபிருக்குப் போய்ச் சேருவதற்குள் மண் காய்ந்துவிட்டது. அடுத்து வந்த கேசட்டில் பாதிக்கு மேல் அழுகைதான். என் பிள்ளைக்கு ஒரு பிடி மண் போடக்கூட நான் இல்லையே என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். மாமியார் நபவிய்யா யாருக்கும் பரிந்து பேசுகிறவள் இல்லை. ஊருக்கே தமுக்கு அடித்தாய், கண் பட்டது, பிள்ளை போயிற்று என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். துக்கத்தில் யார் எதைச் சொன்னாலும் உண்மை போலத்தான் இருக்கும். தானே தன் பிள்ளையை வாயால் கொன்றுவிட்டோம் என்று தஹானியும் நினைத்தாள்.

இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான். வயிற்றில் பையன் என்றால் பெண் என்று சொல்ல வேண்டும். பிறந்த பிறகும் காதில் கம்மல் போட்டு, கவுன் மாட்டி, பெண் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில்தான் அவன் பையனாவான். இப்படிப் பெண்ணாக வளர்ந்து மீசை முளைத்தவர்கள் இன்றைக்கும் டீக்கடையில் உட்கார்ந்து ஷீஷாக் குழாயில் புகை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

மூன்றாவது முறை தஹானி உண்டானாள். சோனார் எடுத்துப் பார்த்த டாக்டர் பெண் என்றார், இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது என்றார். தஹானிக்கு இரண்டாவது செய்திதான் காதில் விழுந்தது. உயிரோடு ஒன்று வந்தால் போதும் என்று இருந்தவள் அவள். வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டாள். பெண் என்று சொன்னாள்.

நபவிய்யாவின் முகம் ஒரு கணம் தொங்கியது. பிறகு மெல்ல மெல்ல மலர்ந்தது. எழுந்து வந்து மருமகளின் நெற்றியில் முத்தமிட்டாள். கல்யாணம் ஆனதில் இருந்து இல்லாத வழக்கம்.

"இப்பத்தான் புள்ள உனக்குப் புத்தி வந்திருக்கு," என்றாள்.

அன்றைக்கு மத்தியானமே மாடியில் வளர்த்த புறாவில் ஒன்று, வயிற்றில் பச்சைக் கோதுமை அடைக்கப்பட்டு, தஹானியின் தட்டுக்கு வந்தது. மறுநாள் ஈரல். அதற்கு மறுநாள் தேன். பானை தூக்காதே, அடுப்புப் பக்கம் போகாதே என்றாள் மாமியார். தஹானி நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு நிஜமாகவே பெண்தான் மாமி என்றாள். ஆமாம் பெண்தான் என்று நபவிய்யா கண்ணைச் சிமிட்டினாள். அல்லாஹ்மேல் ஆணையாக என்று தஹானி ஆரம்பித்ததும் கிழவி பதறிப்போய் அவள் வாயைப் பொத்திவிட்டாள். பிள்ளைக்காகப் பொய் சொல்வதை அல்லாஹ் மன்னிப்பான், பொய்ச் சத்தியத்தை மன்னிக்க மாட்டான், எதற்கு வீண் பாவம் என்றாள்.

சரி, டாக்டர் வாயாலேயே கேட்கட்டும் என்று மாமியாரை கிர்காவுக்கு அழைத்துப் போனாள். டாக்டர் திரையைக் காட்டி, பெண், நல்ல ஆரோக்கியம் என்றார். நபவிய்யா அவருக்கு மனதார வாழ்த்துச் சொல்லிவிட்டு வெளியே வந்து, நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய் என்று மருமகளைத் தட்டிக்கொடுத்தாள். அந்த டாக்டரையும் குற்றம் சொல்ல முடியாது. தாய்மார் காதோடு கேட்டுக்கொண்டால், கூட வந்தவர்களிடம் மாற்றிச் சொல்கிற இரக்கம் அவருக்கு உண்டு. அந்த இரக்கம் ஊரறிந்தது. அதனால் அந்த வட்டாரத்தில் அவர் பெண் என்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

தஹானி நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு புறாவைத் தின்றிருக்கலாம். வேறு ஒருத்தியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். இவளால் முடியவில்லை, ஏனென்றால் ரியாத்தில் இருந்து ஒரு கேசட் வந்தது. இந்த முறை பிரசவத்துக்கு நான் வந்தே தீருவேன் என்று ஸாபிர் அதில் பேசியிருந்தான். பாதியில் போனால் திரும்பி வராதே என்று முதலாளி சொல்லிவிட்டாராம். போனால் போகட்டும், போன தடவை மாதிரி இருக்க மாட்டேன், என் மகன் பிறக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. பிறகு சட்டென்று நினைவு வந்தவன் போல, மகள் பிறக்கும்போது என்று திருத்திக்கொண்டான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

தஹானி சிரிக்கவில்லை. ஊர் நம்பாவிட்டால் போகட்டும், மாமியார் நம்பாவிட்டாலும் போகட்டும். இந்த ஒரு ஆள் நம்பினால் போதும் என்று இருந்தது அவளுக்கு. பெண் என்று தெரிந்தும் அவன் வேலையை உதறிவிட்டு வந்தால் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பாள். இல்லாத மகனுக்காக வந்து இறங்கி, இருக்கிற மகளைப் பார்த்து அவன் முகம் சுருங்குமே, அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தச் சுருக்கத்தை அவன் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

கேசட்டில் பேசிப் பார்த்தாள். மாமியாரும் நாத்தனார்களும் சுற்றி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சத்தமும் அதிலேயே பதிந்து போயிற்று. வேறு வழியில்லாமல் மருந்துக்கடைக்குப் போனாள். வெளிநாட்டுக்குப் பேச ஊரில் இருந்த ஒரே டெலிபோன் அங்கேதான். கடைக்காரர் பக்கூம் கிறிஸ்தவர், நல்ல மனிதர், ஆனால் காது நீளம். தஹானி கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் அன்றைக்குக் கடைக்கு வெளியே போய் நின்றார், கதவை மட்டும் சாத்தவில்லை.

"என்னங்க, வயித்துல இருக்கிறது பொண்ணு. நெசமாவே பொண்ணு," என்றாள்.

"தெரியும், தெரியும். பொண்ணுதான். அப்படியே சொல்லிக்கிட்டு இரு."

"வேலைய விட்டுட்டு வராதீங்க."

"பக்கத்துல யாரு நிக்கிறா?"

"யாரும் இல்ல. பக்கூமகூட வெளிய போகச் சொல்லிட்டேன்."

"எக்ஸ்சேஞ்சுல ஒருத்தன் கேட்டுக்கிட்டேதான் இருப்பான். நீ உஷாரா இரு."

"நான் என்னைக்காவது உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேனா?"

"அதனாலதானே போன புள்ளய இழந்தோம்," என்றான் ஸாபிர், ரொம்ப மென்மையாக.

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. லைன் கட்டாகிப் போனது. பக்கூம் உள்ளே வந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, கர்த்தர் அந்தப் பெண் குழந்தையைக் காப்பாற்றட்டும் என்றார். பெண் என்ற வார்த்தையை அவர் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு தஹானி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவள் அமைதியானதை வைத்து இன்னும் உறுதியாகப் பையன்தான் என்றது ஊர். நபவிய்யா இரண்டு கிடாய்களை வாங்கி வாசலில் கட்டினாள். ஏழாம் நாள் பெண்ணுக்கு என்றால் ஒன்று அறுப்பார்கள், ஆணுக்கு இரண்டு. வாய் மறைத்ததை வாசல் சொல்லிவிட்டது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, மரியாதைக்கு.

ரியாத்தை விட்டு வெளியேறுவதற்கான விசா கிடைக்கத் தாமதமானதால் ஸாபிர் வருவதற்கு முன்பே வலி எடுத்துவிட்டது. வீட்டில்தான் பிரசவம். மருத்துவச்சி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். கொழுகொழுவென்று, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, பெண். நபவிய்யா விளக்கை அருகில் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"எங்கள இப்படி ஏமாத்திட்டியே," என்றாள்.

"மொத நாளே சொன்னேன் மாமி."

"சொன்னே. நம்புற மாதிரியா சொன்னே?"

தஹானி குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். நபவிய்யா வெளியே போய், கேட்டவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் கோழிக்குத் தீனி போட்டாள். வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உள்ளபடி சொன்னால் மட்டும் இவர்கள் நம்பிவிடவா போகிறார்கள் என்ற சலிப்பும் இருந்திருக்கும். பிள்ளைக்கு நஜ்லா என்று தஹானியே பேர் வைத்தாள். நல்ல பேர், தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் வீடு நிறையக் கூட்டம். குழந்தையின் தலைமாட்டில் வைக்கிற மண்கூஜா ஆணுக்கு மூக்கு உள்ளதாகவும் பெண்ணுக்கு மூக்கு இல்லாததாகவும் இருக்கும். மூக்கு இல்லாத கூஜாதான் பூ சுற்றி நின்றது. வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள், வாசலில் கட்டியிருந்த இரண்டு கிடாய்களை நினைத்துக்கொண்டார்கள், ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். பித்தளை உரலை இடித்துச் சத்தம் எழுப்பி, உப்பு தூவி, குழந்தையைச் சல்லடையில் போட்டு அசைத்து முடித்த நேரத்தில் ஸாபிர் வந்து சேர்ந்தான். ரயில் அழுக்கு அப்படியே இருந்தது. சித்தப்பா அவனைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். அவன் தாயைத் தேடினான். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினான். தஹானி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டான், நன்றாக இருக்கிறேன் என்றாள். குழந்தையைத் தூக்கி, நெற்றியில் முத்தமிட்டு, காதில் இருந்த கம்மலைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கட்டிலில் கிடத்தி, சுற்றியிருந்த துணியை ஒவ்வொரு மடிப்பாக அவிழ்த்தான். தஹானி அவனைத் தடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சுருக்கத்துக்குப் பயந்து இத்தனை மாதம் மன்றாடினாளோ, அது வந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. குழந்தை காலை உதைத்துக்கொண்டு அவன் விரலைப் பிடித்ததும் கொஞ்சம் குறைந்தது. அவன் துணியைத் திரும்பச் சுற்றத் தெரியாமல் எப்படியோ சுற்றி அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

கூடத்தில் அவன் பேசியது அவளுக்குக் கேட்டது. பெண் பிறந்திருக்கிறாள் என்றான். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள், யாரோ கனைத்தார்கள். நிஜமாகவே பெண்தான் என்றான். ஆமாம் தம்பி, பெண்தான், இரண்டு கிடாயையும் அந்தப் பெண்ணுக்கே அறுத்துவிடுவோம் என்றார் சித்தப்பா. கூடம் முழுக்கச் சிரித்தது. நான் இப்போதுதான் என் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஸாபிர் குரலை உயர்த்தினான். ரியாத்துக்குப் போய் இவன் நன்றாக நடிக்கக் கற்றுக்கொண்டான் என்று ஒருத்தர் சொன்னார். அவன் வல்லாஹி என்று சத்தியம் செய்தான். சிரிப்பு இன்னும் அதிகமானது.

கதவு திறந்தது. ஸாபிர் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நின்றான். வேலை போய், பயணத்தில் கறுத்து, தன் வீட்டிலேயே வழி தவறியவன் போல இருந்தான்.

"யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க, தஹானி."

அவனிடம் சொல்ல அவள் மாதக்கணக்கில் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். நஜ்லா பால் குடித்துக்கொண்டிருந்தாள். தஹானி தலையைத் தூக்காமல், கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க," என்றாள். "பழகிடும்."