இருநூற்றொன்று

எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. டைப் அடிக்கத் தெரியும் என்பதால் உத்திரமேரூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். எண்பதுகளின் கடைசி. கம்ப்யூட்டர் வந்த புதிது. மனைப்பட்டா கேட்டவர்களின் பட்டியலை ஊர் ஊராக அதில் ஏற்றினார்கள். அக்காவும் மனு கொடுத்திருந்தாள். அவள் குடிசை ஏரிப் புறம்போக்கில் இருந்தது. பட்டா வராவிட்டால் பிடுங்கிவிடுவார்கள்.

மற்ற ஊர்களைக் கிளார்க் அடித்தார். எங்கள் காலனியை மட்டும் என்னிடம் தள்ளினார்.

"உங்க ஆளுங்க பேரு என் வாய்ல நுழையல. நீயே அடிச்சிடு."

மெஷினுக்குள் ஆளுக்கு ஒரு நம்பர். அவர் நம்பர் இருநூறு. எனக்கு இருநூற்றொன்று கொடுத்தார்.

"நீ அடிச்ச ஃபைலு உன்னுது. எல்லாரும் படிக்கலாம். அழிக்கிறது உன்னாலதான் முடியும். என்னாலயே முடியாது, பாத்துக்க."

மேஜைமேல் இருந்த ரிஜிஸ்தரை நான் தொடக் கூடாது. மேஜை துடைக்கும்போது அவரே தூக்கிக்கொள்வார்.

அக்கா பேர் பதினேழாவது. அடித்தேன். எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் காஞ்சிபுரம் பெரிய ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அங்கே உள்ள மெஷினில் இறக்கித்தான் ஆர்டர் எடுப்பார்கள்.

ஆர்டர் வந்தது. எங்கள் காலனி மட்டும் அதில் இல்லை.

அக்கா ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். கூடவே பக்கத்துக் குடிசைக்காரர்.

"என் பேர எங்கடா வெச்ச?"

"உள்ளதான் கீது."

"உள்ள கீதுன்னா வெளிய ஏன் வரல?"

"ஏசி ரூம்ல குந்திக்கினு கீறவருக்கு நம்ம பேரெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போவுது?" என்றார் பக்கத்துக் குடிசைக்காரர்.

உள்ளே போய்க் கிளார்க்கிடம் சொன்னேன்.

மெஷினை ரிப்பேர் பார்க்கிறவர் மெட்ராசிலிருந்து வந்தார். காஞ்சிபுரத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"ஃபைலு யாருதுங்கற பேரு டேப்புல போவலப்பா, நம்பருதான் போச்சு. இங்க இருநூத்தொண்ணு நீ. அங்க இருநூத்தொண்ணு வேற ஆளு. நம்ம பேர்ல ஏதோ பழைய ஃபைல் கெடக்குதுன்னு நெனச்சி அவரு அழிச்சிட்டாரு."

"அப்போ கிளார்க் சார் ஃபைலு?"

"அங்க இருநூறே கெடையாது. யாரும் தொடல."

ஆபீசரிடம் போய் நின்றேன். "ஆர்டர் கையெழுத்தாயிடுச்சு. அடுத்த லிஸ்ட் வரட்டும்" என்றார். எனக்கும் என் ஃபைலுக்கும் நம்பரை மாற்றினார்கள். அங்கே யாருக்கும் இல்லாத நம்பர்.

அடுத்த லிஸ்ட்டுக்கு முன்னால் குடிசையைப் பிடுங்க வந்தார்கள். லீவு போட்டுப் போனேன். அக்கா பாத்திரங்களை எடுத்து நீட்டினாள். வாங்கி மரத்தடியில் வைத்தேன்.

மறுநாள் எங்கள் ஆபீஸ் மெஷினில் காலனி ஃபைலைத் திறந்தேன். பதினேழாவதாக இருந்தாள். அங்கிருந்து அவளை என்னைத் தவிர யாரும் எடுக்க முடியாது. மூடிவிட்டு டீ வாங்கப் போனேன்.