எப்போதும்வென்றான் தாண்டி ஒரு பஞ்சர்

ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் கோவில்பட்டியில் கல்லூரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம். எங்கள் பக்கத்தில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். காயப் போட்ட துணி அடுத்த தெருவில் கிடக்கும். அந்தக் காற்றுக் காலத்தில்தான் பெண்களுக்கென்று மூன்று நாள் சைக்கிள் பந்தயம் ஒன்று எங்கள் ஊரில் நடந்தது.

மூன்று நாள் என்றால் மூன்று தனித்தனிப் பந்தயம் இல்லை. ஒவ்வொரு நாளும் ஓட்டி முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கடைசியில் யாருடைய மொத்த நேரம் குறைவோ அவள்தான் ஜெயித்தவள். ஒரு அணிக்கு நான்கு பேர். நான்கு பேரும் ஜெயிக்க ஓட்ட மாட்டார்கள். ஒருத்தி தலைவி, மற்ற மூன்று பேரும் அவளுக்காகக் காற்றை வாங்குகிறவர்கள். முன்னால் போகிறவள் முகத்தில் காற்று அறையும். அவள் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவளுக்குப் பாதிச் சிரமம்தான். அந்த மூன்று பேரில் ஒருத்தி நான். பரிசு வாங்கும் படத்தில் வராத ஆள்.

எங்கள் அணிக்கு நீலச் சட்டை. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த ஒரு முதலாளிதான் சைக்கிள் வாங்கித் தந்திருந்தார். அவருடைய தம்பி எங்களுக்குப் பயிற்சியாளர். அவரும் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். விடிகாலையில் எங்களை ரோட்டில் விட்டு, மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து விரட்டுவார். பயிற்சி முடிந்து வேர்வையோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று நான்கு பேரும் சுடச்சுட வடை தின்றதை நினைத்தால் இப்போதும் நாக்கில் அந்த ருசி வருகிறது.

எங்களுக்குப் பரம எதிரி சங்கரன்கோவில் பக்கத்து அணி. மஞ்சள் சட்டை. அவர்கள் தலைவியும் எங்கள் தலைவியும் பள்ளிக்கூட நாளிலிருந்தே போட்டி. ஒருத்தி ஜெயித்தால் இன்னொருத்தி கை கொடுக்க மாட்டாள். அந்த விரோதம் அப்படியே எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. மஞ்சள் சட்டை எது கண்ணில் பட்டாலும் எரிச்சல் வரும். அவர்கள் அணியில் எனக்கு நேர் ஜோடியாக ஒருத்தி இருந்தாள். நெட்டையான பெண், இரட்டைச் சடையை மடித்துக் கட்டி அதன் மேல் ஹெல்மெட் போட்டிருப்பாள். என்னைப் போலவே அவளும் காற்று வாங்குகிற ஆள்தான்.

முதல் நாள் ஓட்டப்பிடாரம் போய்த் திரும்பினோம். எங்கள் தலைவி கொஞ்ச நேர வித்தியாசத்தில் முன்னணிக்கு வந்தாள். இரண்டாம் நாள் கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவில் போய் வர வேண்டும். போகிறபோது முழுக்க எதிர்காற்று. கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே அந்த நெட்டைப் பெண் கூட்டத்தை விட்டுத் தனியாகப் பாய்ந்தாள். அது அவர்கள் தந்திரம். அவளைத் துரத்திப் பிடிக்க நாங்கள் நான்கு பேரும் காற்றில் களைத்துப்போனால், அதற்கப்புறம் அவர்கள் தலைவி சுலபமாக எங்களை முந்திவிடுவாள்.

அண்ணாச்சி மோட்டார் சைக்கிளை என் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“ஏட்டி, நீ மட்டும் போ. போயி அவ பின்னால ஒட்டிக்க. ஒரு மிதிகூட முன்னால போகக் கூடாது. அவளே இழுக்கட்டும்.”

அப்படியே செய்தேன். எட்டிப் பிடித்து அவள் பின்சக்கரத்தோடு சக்கரமாகப் போனேன். இந்த மாதிரி இரண்டு பேர் தனியாகப் போகும்போது மாறி மாறி முன்னால் போவதுதான் வழக்கம். அவள் முழங்கையை அசைத்து என்னை முன்னால் வரச் சொன்னாள். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். கழுகுமலைப் பாறை கண்ணுக்குத் தெரிகிறவரை அவள் ஒருத்தியாகவே காற்றைக் கிழித்துக்கொண்டு போனாள். நடுநடுவே அவள் ஏதோ முணுமுணுத்தாள். காற்றில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் கேட்டது. “மூடு.” நான் வாயே திறக்கவில்லை, எதற்கு மூடு என்கிறாள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் அவள் களைத்துப் போனாள், கூட்டம் எங்களைப் பிடித்தது. அவர்கள் தந்திரம் பலிக்கவில்லை. அண்ணாச்சி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அன்றைக்கே எங்களில் ஒருத்தி வெயில் தாங்காமல் வாந்தி எடுத்து விலக நேர்ந்தது. நாங்கள் மூன்று பேரானோம்.

அந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு அணியிலும் குறைந்தது மூன்று பேராவது, கடைசி நாள் முதலில் வருகிறவளுக்குப் பின் அரை மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் அந்த அணியையே கணக்கில் எடுக்க மாட்டார்கள். தலைவி முதலாக வந்தாலும் போச்சு. ஆகவே மூன்றாம் நாள் எங்களில் யாரும் விழவும் கூடாது, நிற்கவும் கூடாது.

மூன்றாம் நாள் ஓட்டப்பிடாரத்தில் கிளம்பி, எப்போதும்வென்றான், எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டியில் முடிகிற பாதை. எட்டயபுரம்வரை வடக்கே போக வேண்டும். காற்று இடது பக்கத்திலிருந்து மொத்தமாக அடிக்கும். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்குக் காத்துக்கிடக்கிற நிலம். காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது, அங்கங்கே வேலிக்கருவைதான். அதற்காகவே மஞ்சள் அணி காத்திருந்தது. நான்கு பேரும் ரோட்டின் குறுக்கே சாய்வரிசையாக நின்றுகொண்டு மிதித்தார்கள். அந்த வரிசைக்குள் இருந்தால் காற்று படாது. வெளியில் மாட்டியவள் ரோட்டோரத்தில் முழுக் காற்றையும் வாங்க வேண்டும். எங்களில் ஒருத்தி எப்படியோ உள்ளே ஒட்டிக்கொண்டாள். நானும் தலைவியும் வெளியே மாட்டிக்கொண்டோம். கண் முன்னாலேயே அவர்கள் தூரமாகப் போனார்கள்.

நான் தலைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு மிதித்தேன். அந்த மாதிரி என் வாழ்நாளில் மிதித்ததில்லை. வாயெல்லாம் புழுதி. மஞ்சள் அணியின் நெட்டைப் பெண் இழுத்து இழுத்து ஓய்ந்துபோய் வரிசையிலிருந்து கழன்று விழுந்திருந்தாள். காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே மெதுவாக வந்தவளைக் கடந்து போனோம். எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டியதும் முன்கூட்டம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் தலைவியின் முன்சக்கரம் ‘புஸ்’ என்று இறங்கியது.

அண்ணாச்சியிடம் இருந்த ஒரே உபரிச் சக்கரம் காலையிலேயே எங்கள் இன்னொருத்திக்குப் போய்விட்டது. நான் இறங்கி என் முன்சக்கரத்தைக் கழற்றித் தலைவிக்கு மாட்டினேன். அவள் என் தோளைத் தொட்டுவிட்டுக் கிளம்பினாள். அண்ணாச்சி அவளோடு போயாக வேண்டும்.

“எங்கயாவது ஒரு சக்கரம் கேட்டு அனுப்புதேன். எப்படியாவது வந்து சேந்துரு, தாயி” என்றார்.

எடை குறையட்டும் என்று முந்தின நாளே எங்கள் அணியில் எல்லோருடைய சைக்கிளிலிருந்தும் டியூப், பம்பு வைக்கிற சின்னப் பையைக் கழற்றியிருந்தார்கள். காற்றுப் போன சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கரிசல் காட்டு ஓரத்தில் நின்றேன். பின்னால் வந்த மற்ற அணிக்காரிகள் ஒவ்வொருத்தியாகக் கடந்து போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பந்தயத்தில் அப்படித்தான். அண்ணாச்சி அனுப்புவதாகச் சொன்ன சக்கரம் வரவில்லை. ரோடு காலியானது. காற்றுச் சத்தம் மட்டும். என் ஒருத்தியால் மூன்று நாள் உழைப்பும் போகப் போகிறது என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது, காற்று அதையும் பக்கவாட்டில் தள்ளியது.

அப்போது தூரத்தில் ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது. அந்த நெட்டைப் பெண்தான். எல்லோருக்கும் கடைசியாக, ஒரு காலை மட்டும் அழுத்தி மிதித்து வந்தாள். அவர்கள் அணியில் மற்ற மூன்று பேரும் முன்னால் போய்விட்டார்கள். இவள் வந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. நான் போய்ச் சேராவிட்டால் அவர்கள் ஜெயித்த மாதிரி. அது எனக்குத் தெரிந்தது போல அவளுக்கும் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிரேக் சத்தம் கேட்டது.

“டியூப் இல்லியா?” என்றாள்.

இல்லை என்று தலையசைத்தேன். அவள் இறங்கித் தன் இருக்கைக்கு அடியிலிருந்த பையைத் திறந்தாள். என்னிடமிருந்து சக்கரத்தை வாங்கி டயரை நெம்பி எடுத்தாள். நான் தடுமாறி, “ஒங்க அணி தோத்துப் போயிருமே” என்றேன்.

அவள் டயருக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரு கருவை முள்ளைப் பிடுங்கிக் காட்டினாள்.

“எங்க தலைவி அக்கா சைக்கிள மிதிச்சு ஒங்க அக்காவ ஜெயிக்கட்டும். இந்த முள்ளு ஜெயிச்சுக் குடுக்க வேண்டாம்” என்றாள். “பம்பப் பிடி.”

சக்கரத்தை மாட்டியதும் நன்றி சொல்லிவிட்டுப் பாய்ந்து போக நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, “தனியாப் போனா நேரத்துக்குப் போய்ச் சேர மாட்ட. எட்டயபுரம் தாண்டுனா முழுக்க எதிர்காத்து. மாறி மாறிப் போவோம். இன்னைக்காவது முன்னால வருவியா?” என்றாள். சிரிக்காமல்தான் கேட்டாள். நான்தான் சிரித்துவிட்டேன்.

அப்படிப் போனோம். ஒருத்தி கொஞ்ச தூரம் இழுப்பாள், பிறகு ஒதுங்கி மற்றவளுக்கு வழிவிடுவாள். அவள் முன்னால் போகும்போது மிதிக்கு மிதி எண்ணினாள். வாய்விட்டு எண்ணியதால் அன்றைக்குத்தான் தெளிவாகக் கேட்டது. “ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு…” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று என்னைத்தான் மூடு என்று சொன்னாய் என நினைத்தேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சைக்கிள் ரோட்டோரத்துக்கே போய் வந்தது.

“எங்க வீட்டுல தெலுங்கு. மூடுன்னா மூணு. இழுக்கையில எண்ணுனாத்தான் எனக்குக் காலு வலி தெரியாது.”

எட்டயபுரத்தில் டீக்கடை வாசலில் நின்றிருந்தவர்களிடம் ஓடுகிற ஓட்டத்தில் கேட்டோம். “அவிய போயி ரொம்ப நேரமாச்சே” என்றார் ஒருவர். மேற்கே திரும்பியதும் காற்று சுவர் மாதிரி நின்றது. அவள் காலில் மறுபடி தசை இழுத்துக்கொண்டது. நீ நின்றுகொள், நான் போகிறேன் என்றேன். கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தன் முறை வந்தபோதெல்லாம் முன்னால் வந்தாள். கொஞ்ச தூரத்தில் நானும் அவளோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் எனக்குத் தெலுங்கில் பத்துவரை எண்ண வந்தது.

ஊருக்குள் நுழையும்போது கடைக்காரர்கள் கைகாட்டி விரட்டினார்கள், ஓடு ஓடு என்று. முடிவுக் கோட்டில் அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தபடி ரோட்டு நடுவில் நின்றிருந்தார். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் மிதிப்பதை நிறுத்தி, என்னை முன்னால் போகவிட்டாள். நான் கோட்டைத் தாண்டினேன். நேரத்துக்குள் வந்துவிட்டேன் என்று நடுவர் சொன்னதும் அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று மஞ்சள் தலைவி முதலாக வந்திருந்தாள். ஆனால் எங்கள் தலைவி நன்றாகத் துரத்தியிருந்தாள். முந்தின நாட்களின் முன்னிலை கொஞ்சம் மிஞ்சியிருந்தது. நாங்கள் ஜெயித்தோம்.

பரிசு வாங்கிய சந்தோஷத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மஞ்சள் அணியின் வேன் பக்கம் போனேன். அவர்கள் பயிற்சியாளர், வயதான மனிதர், எல்லோர் முன்னாலும் அந்த நெட்டைப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நீ எதற்காக நின்றாய் என்று.

“அவ நின்னுக்கிட்டு இருந்தா, சார். நான் பாத்துட்டேன். பாத்தபொறவு பாக்காத மாதிரி எப்படி வாரது?”

அவர் சைக்கிள்களை வேன் மேல் ஏற்றிக் கட்டப் போனார். தோற்றுப்போன தலைவி சன்னலோரம் அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். இவள் தயங்கித் தயங்கி வேனில் ஏறினாள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். அந்தத் தலைவி இவளைப் பார்க்கவே இல்லை. ஆனால் பக்கத்து இருக்கையில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவள் அங்கே உட்கார்ந்தாள். வேன் கிளம்பியது. நான் கையசைத்தேன். அவள் பார்த்தாளா என்று தெரியாது.

அடுத்த வருஷம் அந்தப் பந்தயம் நடக்கவில்லை. நானும் படிப்பு முடிந்து வேலைக்கு வெளியூர் வந்துவிட்டேன். சைக்கிளை விட்டும் பல வருஷம் ஆயிற்று. ஆடி பிறந்து காற்று அடித்தால் மட்டும் அந்த ரோடும் அந்தப் புழுதியும் அவள் எண்ணுகிற குரலும் மனதுக்குள் வந்துவிடும். வேலையில் எனக்கும் போட்டி உண்டு, விட்டுக்கொடுக்காமல்தான் போட்டி போடுகிறேன். ஆனாலும் யாரையாவது முந்திப் போகிறபோது ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற பழக்கம் அந்தக் கரிசல் ரோட்டில் எனக்கு வந்தது. இன்றுவரை அதை விடவில்லை.